நண்பர் வாடகை கட்டாமல் போனால் யார் கட்டுவது? ஒரே வீட்டில் சேர்ந்து வாடகைக்கு இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

தெலுக் பங்லிமா காராங்கில் வேலை கிடைத்துவிட்டது. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. தினமும் வீட்டிலிருந்து வந்து போக முடியாது என்பதால், நீங்களும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டை எடுக்கிறீர்கள். ஒரு கணக்குக்கு மாத வாடகை 900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300. மூன்று பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள்.

ஆறு மாதம் எல்லாம் சரியாகப் போகிறது. ஏழாவது மாதம் நண்பர் ஒருவருக்கு ஜொகூரில் வேலை கிடைக்கிறது. "மச்சான், நான் கிளம்புறேன், அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த மாதம் அவருடைய 300 ரிங்கிட் வரவில்லை. வீட்டு உரிமையாளர் உங்களுக்கு வாட்சப் அனுப்புகிறார்: மீதி 300 எங்கே?

"என் பங்கை நான் கட்டிட்டேனே!" என்பதுதான் உங்கள் முதல் பதிலாக இருக்கும். நியாயமான பதில்தான். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

சேர்ந்து வாடகைக்கு இருப்பதில் இரண்டு விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருந்தால், உங்கள் பங்குக்கு மட்டுமல்ல, முழு வாடகைக்கும் நீங்கள் பொறுப்பாகலாம். பெயர் இல்லையென்றால், எத்தனை வருடம் வாடகை கொடுத்திருந்தாலும் அந்த வீட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் உரிமை மிகக் குறைவு. நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும், அம்மா பெயரில் இருக்கும் பிபிஆர் வீட்டுக்கும் இது பொருந்தும்.

நீங்கள் எந்த வகை?

வீட்டில் மூன்று பேர் இருக்கலாம். ஆனால் மூன்று பேரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

முதல் வகை, கூட்டு வாடகைதாரர். ஒரே ஒப்பந்தத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வீடு முழுவதும் எல்லாருக்கும் பொது. வாடகை, பழுது, டிப்போசிட் எல்லாமே சேர்ந்த பொறுப்பு.

இரண்டாம் வகை, வெறுமனே குடியிருப்பவர். ஒப்பந்தம் நண்பர் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். நீங்கள் அவரிடம் மாதாமாதம் பணம் கொடுப்பீர்கள், அவர் உரிமையாளரிடம் கட்டுவார். உரிமையாளர் வாடகை கேட்டு உங்களிடம் வர முடியாது. அதே சமயம், நண்பர் வீட்டைக் காலி செய்தால் "நான் இருக்கேன்" என்று நீங்கள் உரிமை கொண்டாடவும் முடியாது.

மூன்றாம் வகை, அறை வாடகை. உரிமையாளர் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டிருப்பார். பக்கத்து அறைக்காரர் கட்டவில்லை என்றால் அது அவருடைய பாடு.

மூன்றில் நீங்கள் எது என்று தெரியவில்லையா? ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். முதல் பக்கத்தில் வாடகைதாரர் என்று யார் பெயர், ஐசி எண் இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து? அதுதான் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அதுவரை, உங்களுக்கும் உரிமையாளருக்கும் நடுவில் பேசுவது முக்கியமாக அந்த ஒப்பந்தமும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும்தான்.

அந்தச் சட்டத்தின் 44ஆம் பிரிவு நம் கதைக்கே எழுதியதுபோல இருக்கும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரு வாக்குறுதி கொடுத்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். அதாவது, உரிமையாளர் 900 ரிங்கிட்டையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். மற்ற இருவரைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. யாருக்கு நிலையான வேலை இருக்கிறதோ, யாருடைய போன் எண் வேலை செய்கிறதோ, அவரிடம்தான் பெரும்பாலும் கேட்பார்.

ஆனால் அதே பிரிவு உங்களைக் கைவிட்டுவிடவும் இல்லை. முழுவதையும் கட்டியவர், மற்றவர்களிடம் அவரவர் பங்கைக் கேட்டு வாங்கலாம். நீங்கள் 900 கட்டியிருந்தால் ஆளுக்கு 300 என்று மற்ற இருவரிடமும் கேட்கும் உரிமை உண்டு. ஒருவரிடமிருந்து வசூலிக்கவே முடியாமல் போனால், அந்த நஷ்டத்தை மிச்சமிருப்பவர்கள் சமமாகப் பகிர வேண்டும். நம் கணக்கில் ஓடிப்போன 300, ஆளுக்கு 150 ஆகிறது.

அடுத்த பிரிவான 45, இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. உரிமையாளர் பாவம் பார்த்து ஒருவரை மட்டும் "சரி, நீ போ" என்று விட்டுவிட்டால்? மற்றவர்களின் பொறுப்பு அதனால் போய்விடாது. விடுபட்டவரும், உங்களுக்குத் தர வேண்டிய பங்கிலிருந்து தப்பிவிட மாட்டார்.

ஒப்பந்தங்களில் இதை ஆங்கிலத்தில் 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி' என்றும், மலாயில் 'பெர்செசாமா டான் பெர்அசிங்கான்' என்றும் எழுதுவார்கள். சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு என்று அர்த்தம். இந்தச் சொற்களைப் பார்த்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு" என்று மாற்றி எழுத முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கேட்பதில் தவறும் இல்லை.

ஒருவர் மட்டும் விலக நினைத்தால்?

ஒரு வருட ஒப்பந்தம் என்றால், அந்த ஒரு வருடமும் மூன்று பேருக்கும் கட்டு இருக்கிறது. இடையில் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருந்தாலொழிய, ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதால் அவருடைய பொறுப்பு முடிவதில்லை. வீட்டில் இல்லை என்பது வேறு, ஒப்பந்தத்தில் இல்லை என்பது வேறு.

முறையாக விலக வழி இருக்கிறது. மூன்று பேரும் உரிமையாளரும் உட்கார்ந்து பேசி, விலகுபவரின் பெயரை எடுத்துவிட்டு, புதிதாக வருபவரின் பெயரைச் சேர்த்து, புது ஒப்பந்தம் போடலாம். விலகுபவரின் டிப்போசிட்டை யார் தருவது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். உரிமையாளர் டிப்போசிட்டை வீடு காலியான பிறகுதான் திருப்பித் தருவார். அதனால் புதிதாக வருபவர் தன் பங்கை விலகுபவரிடமே நேரடியாகக் கொடுப்பது நடைமுறை. அதற்கு ஒரு ரசீது எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தக் காலம் முடிந்து, மாதாமாதம் என்று ஓடிக்கொண்டிருக்கும் வாடகையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதற்கு உலகம் முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் ஒரு வழக்கு உண்டு. லண்டனில் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் ஊராட்சிக்குச் சொந்தமான வாடகை வீட்டில் ஒரு ஜோடி கூட்டு வாடகைதாரர்களாக இருந்தார்கள். இருவருக்கும் மனக்கசப்பு. அந்தப் பெண் வெளியேறினார். பழைய வாடகையை முடித்துக்கொண்டால் உங்களுக்கு வேறு வீடு தருகிறோம் என்று ஊராட்சி சொன்னது. அவர் நோட்டீஸ் கொடுத்தார். வீட்டில் இருந்த ஆணின் சம்மதம் கேட்கப்படவில்லை.

அந்த ஒரு நோட்டீஸ் முழு வாடகையையும் முடித்துவிட்டது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1992ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வந்த தீர்ப்பு இது. காரணம் எளிமையானது. மாதாமாதம் அல்லது வாராவாரம் தொடரும் வாடகை, எல்லாரும் தொடர விரும்பும் வரைதான் தொடரும். ஒருவர் போதும் என்றால் எல்லாருக்கும் முடிந்தது. 2014இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும், டாக்கோரம் ஊராட்சி தொடர்பான வழக்கில் இதையே உறுதி செய்தது.

அங்கே சொன்ன தீர்ப்பு இங்கே தானாகவே கட்டாயமாகாது. ஆனால் பொதுச் சட்ட மரபில் வந்த நம் நீதிமன்றங்கள் அத்தகைய தீர்ப்புகளைக் கவனத்தில் எடுத்துக்கொள்வதுண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல் "பார்த்துக்கலாம்" என்று இருப்பவர்கள், இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீட்டை ஒப்படைக்காமல் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி உரிமையாளர் இரட்டை வாடகை கேட்கலாம்.

அரசாங்க வாடகை வீட்டில் என்ன வித்தியாசம்?

இப்போது பிபிஆர் வீட்டுக்கு வருவோம். பந்தாய் டாலாமோ லெம்பா சுபாங்கோ, கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் உறவினர் யாராவது ஒருவர் பிபிஆர் வீட்டில் இருக்கத்தான் செய்வார். வாடகை பிபிஆர் வீட்டுக்குத் தீபகற்பத்தில் மாதம் 124 ரிங்கிட். வழக்கமாக மூன்று அறை, இரண்டு குளியலறை. இந்த விலைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அறைகூடக் கிடைப்பது கஷ்டம். இத்திட்டத்துக்கு இப்போது 'புரோகிராம் ரெசிடென்சி ராக்யாட்' என்று புதுப் பெயர் வந்திருக்கிறது. ஆனால் மக்கள் வாயில் அது இன்னும் பிபிஆர்தான்.

இந்த வீடு சந்தையில் பேசி எடுத்த வீடு அல்ல, தகுதி பார்த்துக் கொடுத்த வீடு. மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள். குடும்பமாக வாழ்பவர்களுக்காகவே இத்திட்டம் அமைக்கப்பட்டது. அதனால்தான் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூன்று நண்பர்கள் சேர்ந்து பிபிஆர் வீடு எடுப்பதை நீங்கள் பார்ப்பதில்லை.

ஒப்பந்தம் பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் பெயரில் இருக்கும். அப்பா அல்லது அம்மா. மற்றவர்கள் குடும்ப உறுப்பினர் பட்டியலில் இருப்பார்கள். நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்து, வேலைக்குப் போய், மாதாமாதம் அந்த 124 ரிங்கிட்டை நீங்களே ஆன்லைனில் கட்டினாலும், சட்டப்படி வாடகைதாரர் அம்மாதான். நீங்கள் மேலே சொன்ன இரண்டாம் வகை.

இது நம்மவர்களுக்குப் புதிய கதை அல்ல. தோட்டத்தில் லயத்து வீடு யாருக்குக் கிடைத்தது? தோட்டத்துக் கணக்கில் பெயர் இருந்தவருக்கு. அவர் வேலையை விட்டு ஓய்வு பெற்றபோது, அந்த வீட்டில் மூன்று தலைமுறை இருந்திருந்தாலும் வீட்டைக் கேட்டார்கள். கேரித் தீவு முதல் பந்திங் வரை இந்த அனுபவம் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. தாத்தாவுக்கு நடந்ததைப் பேரன் பிபிஆர் வீட்டில் மறந்துவிடக் கூடாது.

வாடகைதாரர் இறந்துவிட்டால்?

பிபிஆர் வீடு சொத்து அல்ல. அதனால் உயிலில் எழுதி வைக்க முடியாது, அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரிக்கவும் முடியாது. வாடகைதாரர் இறந்தால், கணவனோ மனைவியோ பிள்ளையோ பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்குத் தகுதி இருக்கிறதா என்று நிர்வாகம் பார்க்கும். உங்கள் சம்பளம் கூடியிருந்தாலோ, உங்களுக்குச் சொந்த வீடு இருந்தாலோ, அது ஒரு கேள்வியாக வரும்.

அடுத்த கேள்வி பாக்கி. 18 மாதம் கட்டாமல் விட்டிருந்தால் 124 பெருக்கல் 18, மொத்தம் 2,232 ரிங்கிட். அம்மா இறந்த துக்கத்தில் இருக்கும்போது இந்தத் தொகை முதல்முறையாகத் தெரியவந்தால் எப்படி இருக்கும்? அம்மா வைத்த பாக்கி, நீங்கள் கையெழுத்துப் போடாத வரை உங்கள் சொந்தக் கடன் அல்ல. ஆனால் வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றால் பாக்கியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாமல், கேட்பதையும் கிடைக்கும் பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவாகரத்திலும் இதே கதைதான். ஒப்பந்தம் கணவர் பெயரில் இருக்கும். அவர் வேறு இடத்துக்குப் போயிருப்பார். மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். வாடகையை மனைவிதான் கட்டுவார். இதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். கோலாலம்பூரில் டிபிகேஎல் எனப்படும் மாநகர் மன்றம், மற்ற இடங்களில் மாநில அரசின் வீடமைப்புப் பிரிவு என, வீட்டை யார் நிர்வகிக்கிறார்களோ அவர்களிடம் நீதிமன்ற ஆணையுடன் போய் பெயர் மாற்றம் கேட்க வேண்டும்.

பிபிஆர் வீட்டை உள்வாடகைக்கு விடலாமா?

கூடாது. நீங்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டு, 124 ரிங்கிட் வீட்டை 500க்கு இன்னொருவருக்கு விட்டால், ஒப்பந்தமே ரத்தாகலாம். அந்த 500 கொடுத்து உள்ளே இருப்பவருக்கும் பாதுகாப்பு இல்லை. அவர் கையில் இருக்கும் ரசீது நிர்வாகத்தின் முன் செல்லாது. "அக்கா வீடுதான், அவங்க பூச்சோங் போயிட்டாங்க, நாங்க வாடகை கொடுத்துட்டு இருக்கோம்" என்பது கேட்க இயல்பாக இருக்கும். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் வீடு அது. சோதனை வந்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்து இழப்பீர்கள்.

தனியாட்களுக்கு அரசாங்க வீடு கிடையாதா?

இந்த விஷயத்தில் பக்கத்து நாடு வேறு வழியில் போயிருக்கிறது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீடுகளில், வருமானம் குறைந்த தனியாட்கள் இருவர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்கும் திட்டம் இருக்கிறது. கூட்டு வாடகைதாரர் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. சின்ன வீடு, இரண்டு பேர். சில நேரம் ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாதவர்கள்.

என்ன பிரச்சினை வரும் என்று நீங்களே யூகிக்கலாம். ஒருவர் இரவில் டிவி பார்ப்பார், இன்னொருவர் அதிகாலை வேலைக்குப் போக வேண்டும். சண்டை முற்றினால் வீட்டையே இழக்கும் நிலை. 2021இல் சிங்கப்பூர் ஒரு புதிய முறையை முயன்று பார்த்தது. ஒரு சமூக அமைப்பு நடுவில் நின்று, ஒத்துப்போகக் கூடியவர்களைச் சேர்த்துவைத்து, தகராறு வந்தால் பேசித் தீர்க்கும். ஜோடி தேடிக்கொண்டு வந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிலையும் அதில் மாறியது. வாடகையைக் குறைத்தால் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதற்கும் உதவி வேண்டும் என்பதுதான் அதன் பாடம்.

இங்கே தனியாட்களுக்கு இருக்கும் வழி பெரும்பாலும் தனியார் வாடகைதான். அப்படியானால் அந்த நடு ஆள் வேலையை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பு இல்லையென்றால்?

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது தேவைப்படலாம்.

"வீடு அவர் பேர்ல இருக்கு, நான் எங்கே போவேன்?" என்று அடியைப் பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. பாதுகாப்பு ஆணை கொடுக்கும்போது, பாதிக்கப்பட்டவர் மட்டும் அந்த வீட்டில் இருக்கலாம், அடிப்பவர் வெளியே போக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வீடு அடிப்பவர் பெயரில் மட்டும் வாடகைக்கு எடுக்கப்பட்டதாக இருந்தாலும், இருவர் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் யார் பெயர் என்ற கேள்வியைச் சட்டமே ஒதுக்கி வைக்கும் இடம் இது.

நீதிமன்றம் போகும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது. சமூக நலத் துறை அதிகாரியே கொடுக்கலாம். ஏழு நாள் செல்லும். தாலியான் காசே 15999 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரத்திலும் உதவி கேட்கலாம்.

இந்தச் சட்டம் கணவன், மனைவி, முன்னாள் துணை, பிள்ளைகள், குடும்ப உறுப்பினர்கள் ஆகியோருக்கானது. வெறும் அறை நண்பர் கைநீட்டினால் நேராகப் போலீஸ் புகார் செய்ய வேண்டும்.

உரிமையாளர் பூட்டு மாற்றலாமா?

வாடகை பாக்கி என்று சொல்லி, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டார்கள். இது அடிக்கடி கேள்விப்படும் கதை. 1950ஆம் ஆண்டு அக்தா ரெலிஃப் ஸ்பெசிஃபிக் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், அந்தப் பாதுகாப்பு ஒப்பந்தக்காரருக்கு மட்டுமல்ல. வாடகை முடியும் நேரத்தில் சட்டப்படி அங்கே குடியிருந்த யாருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவருக்கும் கிடைக்கும் சில பாதுகாப்புகளில் இது ஒன்று.

அதற்காக உரிமையாளருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1951ஆம் ஆண்டு அக்தா டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, 12 மாதம் வரையிலான வாடகை பாக்கிக்கு நீதிமன்ற ஆணை பெற்று, வீட்டிலுள்ள பொருட்களைப் பறிமுதல் செய்ய வைக்கலாம். கடன் வைத்தவர் நண்பர், வீட்டில் இருக்கும் லேப்டாப் உங்களுடையது என்றால், அதை நிரூபித்து விடுவிக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும். விலை உயர்ந்த பொருட்களின் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகவும்தான்.

வாசற்கதவுக்கு வெளியே நம் பொறுப்பு

2018 ஜனவரி 15. பந்தாய் டாலாம், பிபிஆர் ஶ்ரீ பந்தாய். அம்மாவுடன் வீடு திரும்பிக்கொண்டிருந்த 15 வயதுப் பையன் ஒருவன் மேல், மாடியிலிருந்து வீசப்பட்ட ஒரு நாற்காலி விழுந்தது. அவன் அங்கேயே இறந்தான். நம் இனத்துப் பையன். பலருக்கு அந்தச் செய்தி இன்னும் நினைவிருக்கும்.

சேர்ந்து வாழ்வது என்றால் ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களோடு மட்டுமல்ல. மேலே இருப்பவர், கீழே நடப்பவர், ஒரே லிஃப்டில் ஏறுபவர் எல்லாரோடும்தான். குப்பையை மாடியிலிருந்து எறியாமல் இருப்பது, பழைய மெத்தையை நடைபாதையில் போடாமல் இருப்பது, படிக்கட்டை அடைக்காமல் இருப்பது எல்லாம் பெரும்பாலான ஒப்பந்தங்களில் விதியாகவே இருக்கும். வீட்டிலுள்ள ஒருவர் விதியை மீறினாலும் நோட்டீஸ் வருவது ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கு. உங்கள் தம்பி எறிந்த பாட்டிலுக்கு அம்மா பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன செய்யலாம்?

சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் எல்லாருக்கும் இது பயன்படும்.

ஒன்று, ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். ஏஜென்ட் "ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான்" என்று சொன்னாலும் படியுங்கள். ஒருவர் விலகினால் என்ன என்ற விதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டு, முத்திரை வரி. ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டப்பட்டதா என்று கேளுங்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, அது கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. பிறகு அபராதத்தோடு கட்ட வேண்டி வரும்.

மூன்று, உங்களுக்குள் ஒரு தனித்தாள். உரிமையாளருக்கும் உங்களுக்கும் இருக்கும் ஒப்பந்தம் வேறு, உங்கள் மூவருக்குள் இருக்கும் ஏற்பாடு வேறு. ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், டிப்போசிட்டில் யார் பங்கு எவ்வளவு, மின் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் யார் பெயரில், விலக நினைப்பவர் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும். மூவரும் கையெழுத்துப் போடுங்கள். "நம்ம ஃபிரண்ட்ஸ்குள்ள இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்பார். நட்பு நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று சொல்லுங்கள்.

நான்கு, பணம் கைமாறினால் தடம் இருக்கட்டும். வங்கிப் பரிமாற்றம் செய்து, குறிப்பில் "ஜூன் வாடகை" என்று எழுதுங்கள். பின்னால் பங்கு கேட்டு வழக்குப் போட வேண்டி வந்தால் அதுதான் உங்கள் சாட்சி.

ஐந்து, சாவி வாங்கும் அன்றே வீட்டைப் படம் எடுங்கள். உடைந்த ஜன்னல், கசியும் குழாய், சுவரில் ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். டிப்போசிட்டைத் திருப்பித் தரும் நாளில் பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும்.

தகராறு முற்றினால், வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். சிறிய தொகைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. அதில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். வருமானம் குறைந்தவர்கள் ஜபாத்தான் பந்துவான் குவாமான் எனும் சட்ட உதவித் துறையையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். ஒப்பந்தத்தின் நகலோடு போங்கள். நகல் இல்லாமல் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு வேலை

வீட்டில் இருக்கும் ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். அலமாரியில் பிறப்புப் பத்திரங்களோடு இருக்கலாம், அம்மாவின் சேலைக்கு அடியில் இருக்கலாம், நண்பரின் போனில் பிடிஎஃப் கோப்பாக இருக்கலாம். அதில் யார் பெயர் இருக்கிறது? எந்தத் தேதியில் முடிகிறது? பாக்கி ஏதும் இருக்கிறதா?

அம்மாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால், "வாடகை இந்த மாசம் நான் கட்டுறேன், கார்டைக் கொடுங்க" என்று தொடங்குங்கள். கணக்கைப் பார்த்துவிடலாம். நண்பரிடம் என்றால் நேராகவே கேட்டுவிடலாம்: "டேய், அக்ரிமென்ட்ல என் பேர் இருக்கா?"